லித்தியமும் 149 நோயாளிகளும்

ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நோயின் பெயர் ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகும். கை, கால், பேச்சு, விழுங்குவது என்று போய்க் கடைசியில் மூச்சு நிற்கும். ஹாக்கிங் அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப் பிடித்தது பெரிய விதிவிலக்கு. பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்தான். 1995இல் அமெரிக்கா அனுமதித்த ரிலுசோல் என்ற மருந்து ஆயுளைச் சில மாதங்கள் மட்டுமே நீட்டித்தது. அதன் பிறகு வெகுகாலம் வேறு மருந்தே வரவில்லை.

ஸ்டீபன் ஹேவுட் என்ற அமெரிக்க இளைஞர் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கட்டும் வேலை செய்தவர். ஒரு நாள் பூட்டில் சாவியைத் திருப்பக் கையில் வலு இல்லாமல் போனது. 1998இல் ஏ.எல்.எஸ். என்று உறுதியானபோது அவருக்கு வயது 29. அவருடைய அண்ணன் ஜேமி ஒரு பொறியாளர். வேலையை விட்டுவிட்டு, தம்பிக்கு மருந்து கண்டுபிடிக்க 1999இல் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தையே தொடங்கிவிட்டார்! மருந்து கிடைக்கவில்லை. 2006 நவம்பரில் ஸ்டீபன் இறந்தார்.

அதற்கு முன்பே, 2004இல், ஜேமியும் இன்னொரு தம்பி பெஞ்சமினும் நண்பர் ஜெஃப் கோலும் சேர்ந்து பேஷண்ட்ஸ்லைக்மீ என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். நோயாளிகளுக்கான சமூக வலைத்தளம் அது. ஆறுதல் சொல்லிக்கொள்ளும் இடங்கள் அப்போதே இணையத்தில் நிறைய இருந்தன. இங்கே நோயாளி தன் நோயை எண்ணாகவே பதிய வேண்டும். ஏ.எல்.எஸ். மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 12 கேள்விகள் உண்டு. எழுத முடிகிறதா, படி ஏற முடிகிறதா, விழுங்க முடிகிறதா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 48. மருத்துவரின் கோப்புக்குள் கிடந்த அந்த மதிப்பெண்ணை நோயாளியே பதிந்து, தன்னைப் போன்ற மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

2008 பிப்ரவரியில் இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியானது. 16 நோயாளிகளுக்கு ரிலுசோலுடன் லித்தியத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 28 பேருக்கு ரிலுசோல் மட்டும். 15 மாதங்களில் லித்தியம் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. மற்றவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள்.

லித்தியம் புது மருந்து அல்ல. மனநல மருத்துவத்தில் 1949 முதல் பழக்கத்தில் இருப்பது. விலை மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கெடுக்கும். 16 பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, முறையான பரிசோதனை நடக்கட்டும் என்றார்கள் நிபுணர்கள். சரியான பேச்சுதான். ஆனால் முறையான பரிசோதனைக்கு ஆகும் ஆண்டுகள் யாரிடம் இருந்தன?

பிரேசிலில் இருந்த ஒரு நோயாளியும், தந்தைக்கு இந்த நோய் வந்திருந்த அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒருவரும் இணையம் வழியாகக் கைகோத்தார்கள். லித்தியம் சாப்பிடத் தொடங்கியவர்களின் விவரங்களைச் சேகரித்தார்கள். பேஷண்ட்ஸ்லைக்மீ அதற்கான வசதியைத் தளத்திலேயே செய்து கொடுத்தது. என்ன அளவு சாப்பிட்டார்கள், ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, மதிப்பெண் எப்படி மாறியது என்று எல்லாம் பதிவானது. மருத்துவமனை நடத்தாத ஒரு மருத்துவ ஆய்வு இப்படித் தொடங்கியது.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. முறையான சோதனையில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரிப்பார்கள். நோயாளிக்கும் அது தெரியாது. இங்கோ எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் நம்பிக்கையோடு விழுங்கியவர்கள். தவிர, இந்த நோய் ஆளுக்கு ஆள் வெவ்வேறு வேகத்தில் ஓடும். இணையத்தில் உட்கார்ந்து பதிவு போடும் அளவுக்குத் தெம்பு உள்ளவர்களுக்கு நோய் மெதுவாக ஓடுகிறது என்றால், மருந்தே வேலை செய்வது போலத் தோன்றிவிடும்.

பால் விக்ஸ் முதலிய தள ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். லித்தியம் சாப்பிட்ட ஒருவருக்கு இணையாக, வயது, பாலினத்தை மட்டும் பார்த்து இன்னொருவரைத் தேடவில்லை. மருந்து தொடங்கும் முன்பு வரை அவருடைய நோய் எந்தக் கோட்டில் இறங்கியதோ, அதே கோட்டில் இறங்கிய, லித்தியம் சாப்பிடாதவர்களைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மாதாமாதம் மதிப்பெண் பதிந்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. இப்படி 149 பேருக்கு 447 இணைகள் கிடைத்தார்கள். 12 மாதம் கழித்துப் பார்த்தால் இரு கோடுகளும் ஒன்றாகவே இறங்கியிருந்தன. லித்தியத்தால் எந்தப் பலனும் இல்லை.

2011இல் இது நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்காவிலும் கனடாவிலும் 84 பேரோடு நடந்த முறையான சோதனை, பலன் தெரியாததால் பாதியில் நிறுத்தப்பட்ட செய்தி வந்திருந்தது. 2013இல் பிரிட்டனில் 214 பேரிடம் நடந்த சோதனையும் அதையே சொன்னது. நோயாளிகள் தாங்களாகவே சேர்த்த கணக்கு தப்பவில்லை. தாங்கள் விழுங்கிய மருந்து பலிக்கவில்லை என்று தங்கள் உடம்பைக் கொண்டே நிரூபித்தவர்கள் அவர்கள். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா?

தளத்தின் கதை அவ்வளவு நேர்த்தியாக முடியவில்லை. நோயாளிகளின் விவரங்களைப் பெயர் நீக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்பதுதான் அதன் வருமானம், அதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் 2010 மே மாதம், வெளி நிறுவனம் ஒன்று உறுப்பினர் போல நுழைந்து மனநல நோயாளிகள் எழுதியவற்றை இயந்திரத்தால் அள்ளிக்கொண்டு போனது. 2017இல் ஒரு சீன நிறுவனம் பெரும் முதலீடு செய்ய, நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி அமெரிக்க அரசு அதை விலகச் சொன்னது. 2019இல் தளத்தை வாங்கியது யுனைட்டெட்ஹெல்த் குழுமம். மருத்துவக் காப்பீட்டில் அமெரிக்காவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று! நோயை எண்ணி எண்ணிப் பதிந்தவர்களில் எத்தனை பேர், அது ஒரு நாள் காப்பீட்டு நிறுவனத்தின் வீட்டுக்குள் போகும் என்று நினைத்திருப்பார்கள்?

லித்தியத்தின் கதையும் அங்கே நிற்கவில்லை. 2017இல் ஆய்வாளர்கள் பழைய சோதனைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து, நோயாளிகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். யூ.என்.சி.13ஏ என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரு வகை உள்ள சிறு பகுதியினர் மட்டும் லித்தியத்தால் கூடுதல் காலம் உயிரோடு இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. அதைச் சரிபார்க்கத் தனிச் சோதனையும் பிறகு தொடங்கப்பட்டது. அந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்ததே 2009இல்தான். 2008இல் லித்தியத்தை விழுங்கி மதிப்பெண் பதிந்தவர்களை யாரும் அதைக் கேட்டிருக்க முடியாது. அந்த 12 கேள்விகளில் அது இல்லை.