பள்ளிக்கு ஒரு பங்கு, பாலாற்றுக்கு ஒரு பங்கு

பாலாறு பெரும்பாலான நாள்களில் மணலாகவே காட்சி தரும் ஆறு. ஆயினும் அம்மணலுக்கு அடியில் ஓடும் நீரே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைப் பல தலைமுறைகளாக வாழவைத்தது. அந்நீரே வயலை நனைத்தது. அந்நீரே தோலையும் கழுவியது. இவ்வூர்களின் முஸ்லிம் வணிகர்கள் சமுதாயத் தேவைகளைக் கண்டு புதிய வழி வகுத்த வரலாறு பெருமைக்குரியது. அவ்வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மறுபக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது.

முதற்பக்கம் கல்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட நம் நாட்டுத் தோல், சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. செல்வம் சேர்ந்தது. ஆனால், கணக்கெழுதவும் கடிதம் படிக்கவும் வணிகர் பலர் பிறரையே நம்பியிருந்தனர். ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஊறு செய்யுமோ என்னும் அச்சம் ஒருபுறம். கல்லாமை ஊரை முடக்குமே என்னும் கவலை மறுபுறம். இவ்விரண்டுக்கும் அவர்கள் கண்ட விடை எளியது: பள்ளியை நாமே நடத்துவோம்; மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே ஊரில் வளரட்டும்.

வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி, தென்னாடெங்கும் ஆலிம்களை அனுப்பியது. 1919ஆம் ஆண்டு வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1924இல் ஆம்பூருக்கு அருகே காகா முஹம்மது உமர் சாஹிப், உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். மேல்விஷாரத்தின் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863–1938) தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கும் அறத்துக்கும் வாரி வழங்கினார். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே அவர் எழுப்பிய சித்தீக் சராய் வழிப்போக்கர் பலருக்கு நிழல் தந்தது. அவர் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் கல்லூரி தோன்றியது. 1969இல் ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரியைக் கண்டது.

இக்கட்டடங்களைக் காட்டிலும் இவற்றின் பின்னிருந்த ஏற்பாடே நம் சிந்தனைக்குரியது. ஒரு செல்வர் தாம் விரும்பியபோது கொடுத்து, விரும்பாதபோது நிறுத்தும் தருமம் அன்று இது. பலர் கூடிச் சங்கமாகி, பொறுப்பாளரைத் தேர்ந்து, தந்தை மறைந்தபின் மகனும் தொடரும் வகையில் அமைத்த ஏற்பாடு. வக்ஃபு என்னும் பழைய நெறியையே புதிய காலத்தின் கல்விச் சங்கமாக அவர்கள் வார்த்தெடுத்தனர். சதக்கத்துல் ஜாரியா, அதாவது நிலைத்து ஓடும் தருமம் என்பதற்கு அவர்கள் கண்ட பொருள் இதுவே.

இனி மறுபக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டு முறையைப் பரிசோதித்துக் காட்டினார். பட்டைநீரில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோம் உப்பில் மிக விரைவில் பதமானது. 1970களில் மைய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. வேலை பெருகியது, ஆம்பூர்க் காலணி அயல்நாட்டுக் கடைவீதியை அடைந்தது. உடன் பெருகியது கழிவுநீர். பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தூவிய உப்பும், மயிர் நீக்கிய சுண்ணாம்பும், தோலில் ஏறாது எஞ்சிய குரோமியமும் ஓடை வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றன. கிணற்று நீர் உவர்த்தது. நெல்லும் தென்னையும் வாடின.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 28.8.1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயனற்றுப் போனதென்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி, நாட்டின் சட்டமென நிலைபெற்றது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்புக்கு வழி செய்யாதவை மூடப்படும் என்றும் ஆணை பிறந்தது.

சிறு தொழிற்சாலை ஒன்று தனக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது இயலாத காரியம். இங்கேதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்னும் ஏற்பாடு கைகொடுத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தொழிலதிபர்கள் கூட்டாகக் குழுமங்கள் அமைத்தனர். அரசுகளும் செலவில் பங்கேற்றன. பல தொழிற்சாலைகளின் கழிவு ஒரே குழாயில் சேர்ந்து ஒரே இடத்தில் தூய்மை பெற்றது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், கழிவிலிருந்து குரோமியத்தைப் படியவைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைப் பரப்பினர். ஆயினும் அந்நிலையங்களின் தொடக்க அமைப்பு, கரைந்த உப்பை நீக்க வல்லதாக இல்லை. பின்னர் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. நீர் மீண்டது, உப்பும் சேறும் குவிந்தன. 31.1.2015 அன்று இராணிப்பேட்டை நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம், உரிய இழப்பீட்டை விரைந்து வழங்கவும், பாலாற்றைச் சீர்செய்வதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட நேர்ந்தது. தீர்ப்புக்கும் தீர்வுக்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்து நோக்குங்கள். கூட்டாகப் பொருள் திரட்டிப் பொதுக் காரியம் நடத்தும் கலையை 1919லேயே கற்றிருந்த ஊர்கள், அதே கலையை நீருக்காகக் கையாள ஏன் 1990கள் வரை காத்திருந்தன? அறிவுக் குறைவா? பொருட்குறைவா? இரண்டுமல்ல. பள்ளியில்லாக் குறையை உணர்ந்தவர்கள் சங்கத்தின் உள்ளே இருந்தார்கள். படிப்பின்றி நின்றவர் அவர்தம் மக்களே. கிணறு கெட்ட உழவரும், சுண்ணாம்புக் குழியில் இறங்கிய தொழிலாளியும் சங்கத்தின் வெளியே நின்றார்கள். உள்ளே இருப்பவரின் குரல் உடனே கேட்டது. வெளியே நின்றவரின் குரல் தில்லி சென்று திரும்பிய பின்னரே கேட்டது.

புதிய எண்ணங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று வினவுவோருக்கு இவ்வரலாறு தரும் விடை இதுதான்: எவருடைய துன்பத்தை நம் துன்பமாகக் கொள்கிறோமோ, அவருக்காகவே நம் அறிவு வேலை செய்கிறது. நீர் மனிதர் அனைவருக்கும் பொது என்பது நமக்குப் புதிய சட்டமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம். ஓடும் நீரில் ஒளூச் செய்யும்போதும் விரயம் தவிர்க்கப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

தோல் இங்கே பல்லாயிரம் குடும்பங்களின் உணவு. அத்தொழில் அழிய வேண்டும் என்று எவரும் வேண்டார். ஆயின், பள்ளிக்கு ஒரு பங்கு ஒதுக்கிய முன்னோரின் கணக்கேட்டில், ஆற்றுக்கும் ஆற்றோர உழவருக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். நீதிமன்றம் கேட்கும் முன்னரே எழுதப்பட வேண்டும். உழவரும் தொழிலாளரும் அக்கணக்கைக் கூட அமர்ந்து பார்க்கும் நாளில்தான், நம் முன்னோர் தொடங்கிய தருமம் நிறைவு பெறும்.