காவலரும் மஹல்லாவும்

காவல் என்னும் சொல் தமிழருக்குப் பழையது. காவல் துறை என்னும் அமைப்போ அத்துணைப் பழையதன்று. பாடிகாவலும் ஊர்க்காவலும் அந்தந்த ஊரில் வாழ்ந்தோரின் பொறுப்பாயிருந்த காலம் போய், கும்பினி ஆட்சி ஓய்ந்த மறு ஆண்டே, 1859இல், சென்னை மாகாணத்திற்கெனப் போலீஸ் சட்டம் பிறந்தது. 1861இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. ஆள்வோரின் அச்சத்தில் பிறந்த படை அது. அப்பிறவிக் குணம் இன்னும் முற்றும் நீங்கவில்லை என்பது என் கருத்து.

ஜவ்வாது மலையின் கிழக்கடிவாரத்துச் சந்தவாசல் போன்ற சிற்றூர்களில் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. காவலரைக் கடைத்தெரு அறியும். கடைத்தெருவைக் காவலர் அறிவார். அதே மலைக்கு அப்பால், பாலாற்றங்கரை ஆம்பூரில் 2015ஆம் ஆண்டு நடந்தது வேறு. காணாமற்போன பெண்ணொருவரைப் பற்றிய விசாரணைக்காகப் பள்ளிகொண்டா காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்ட முஸ்லிம் இளைஞர், பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். காவலில் அடித்துத் துன்புறுத்தினர் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. ஜூன் 27ஆம் நாள் இரவு ஆம்பூர் கலவர பூமியாயிற்று. ஓர் அதிகாரியின் மேல் எழுந்த சினம், சீருடை அணிந்த அனைவர் மேலும் பாய்ந்தது. காவலர் பலர் காயமுற்றனர், வாகனங்கள் எரிந்தன. நீதி கேட்கச் சென்ற கூட்டத்தினர் பலர் நீதிமன்றக் கூண்டில் நிற்க நேர்ந்தது.

சிலர் செய்த குற்றத்தை எல்லார் தலையிலும் ஏற்றும் இப்பழக்கம் இரு பக்கத்திலும் உண்டு. அதன் முழு விலையையும் கொடுத்த நகரம் கோயம்புத்தூர்.

1997 நவம்பர் 29ஆம் நாள், போக்குவரத்துக் காவலர் ஒருவரை அங்கே சில முஸ்லிம் இளைஞர்கள் குத்திக் கொன்றனர். கொடுஞ்செயல் அது, கொன்றவரைப் பிடித்துத் தண்டிப்பதே சட்டத்தின் வழி. ஆனால் மறுநாள் காவலர்களே கடமையை விட்டுத் தெருவில் இறங்கினர். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல் தாக்குதலிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். அடிபட்டு அரசு மருத்துவமனைக்கு வந்தவர்கள் அங்கேயும் தாக்கப்பட்டதை மனித உரிமை அமைப்பினர் பதிவு செய்தனர். காவலருக்கும் கலகக்காரருக்கும் வேறுபாடு காண இயலாத அந்த இரு நாட்கள் ஒரு தீவிரக் கூட்டத்திற்குக் கிடைத்த பெருஞ்சரக்காயின. அதுவரை அல்-உம்மாவின் பேச்சுக்குச் செவிசாய்க்காதவர்களும் இருந்தார்கள்; காவல் நிலையத்தில் நீதி கிடைக்கும் என்று அவர்களிடம் சொல்வதற்கு ஊர்ப் பெரியவர்களுக்கு இனி வாயில்லாமற் போயிற்று.

1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மடிந்தனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நவம்பர்க் கொடுமைக்கும் அந்த 58 பேருக்கும் என்ன தொடர்பு? கடைக்கு வந்தவரும் வழிப்போக்கரும் செய்த பிழை யாது? இக்கேள்விக்குக் குண்டு வைத்தவரிடம் மார்க்கத்திலிருந்தும் விடையில்லை, மனிதத்திலிருந்தும் விடையில்லை. பிறகு தொடர்ந்த கைதுகளிலும் குற்றவாளியும் அப்பாவியும் கலந்தே சென்றனர். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அப்துல் நாசர் மஅதனியை 2007இல் தனி நீதிமன்றம் குற்றமற்றவரென விடுவித்தது. போன ஆண்டுகளைத் திருப்பித் தரும் தீர்ப்பு எங்குமில்லை.

காவலர் மஹல்லாவை நெருங்க வேண்டும் என்றால் உளவு பார்க்க வேண்டும் என்று பொருள் கொள்வாருண்டு. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனத்துத் தெருக்களைச் சுற்றி வந்த வரலாறு நாம் அறிந்ததே. ஓர் இரவு, ஒரு வீட்டின் மதிலேறி உள்ளே மதுவருந்திய ஒருவரைக் கண்டித்தார்களாம். நான் செய்த பாவம் ஒன்று. தாங்கள் துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, ஸலாமும் உரைக்கவில்லை என்று அவர் எடுத்துக்காட்ட, கலீஃபா அவர்கள் அதை ஏற்றுத் திரும்பினார்கள் என்பர். வாசல் வழியே வருவதற்கும் மதிலேறி வருவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் காலத்துக் காவல் துறையும் உணர்வது நலம்.

வாசல் வழியே வந்த காவலுக்கு ஒரு சான்றுண்டு. மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டி விசைத்தறி நகரம். முஸ்லிம் நெசவாளர் பெருகிய ஊர். 1970இலும் 1984இலும் அங்கே ரத்தம் ஆறாக ஓடியது. 1970 கலவரத்தை ஆராய்ந்த நீதிபதி மதன் ஆணையம் காவல் துறையின் புலனாய்விலேயே பாரபட்சம் கண்டது. 1988இல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே புதியதொரு வழியை வகுத்தார். பிரமுகர்களைக் கூட்டித் தேநீர் அருந்திக் கலையும் சமாதானக் குழுக்களை அவர் நம்பவில்லை. வட்டாரந்தோறும் எளிய இந்துக்களையும் முஸ்லிம்களையும் சேர்த்து மஹல்லா குழு அமைத்தார். அந்த வட்டாரத்துச் சாதாரணக் காவலரையே அதற்குப் பொறுப்பாக்கினார். குழாயடிச் சண்டை, குப்பைத் தகராறு, வாடகை வழக்கு என அன்றாடப் பூசல்களே அங்கே பேசப்பட்டன. பெருந்தீ மூண்டபோது அந்தப் பழக்கந்தான் பயன்பட்டது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் ஏறத்தாழ 900 பேர் மடிந்தனர். பிவண்டி அமைதி காத்தது. வதந்தி வந்தால் யாரைக் கேட்பது என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. செய்தி கொண்டு வருபவனை நம்புமுன் தீர விசாரிக்கச் சொல்லும் திருமறையின் கட்டளைக்கு, விசாரிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

நம் மாநிலமும் முயலாமலில்லை. 1993இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராயிருந்த பிரதீப் பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அது மாநிலமெங்கும் பரவியது. நாளடைவில் நண்பர்கள் சில இடங்களில் காவலரின் கைத்தடிகளாயினர். 2020இல் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு இறந்தபின் அவ்வமைப்பு தடை செய்யப்பட்டது. மக்களின் பேச்சைக் காவலரிடம் சேர்ப்பதை விட்டுக் காவலரின் அதிகாரத்தை மக்கள் மேல் செலுத்தத் தொடங்கினால் எந்த நல்ல ஏற்பாடும் இக்கதிக்கே ஆளாகும்.

2022 அக்டோபர் 23ஆம் நாள், தீபாவளிக்கு முந்திய விடியலில், கோயம்புத்தூர்க் கோட்டை ஈசுவரன் கோயிலெதிரே ஒரு கார் வெடித்தது. அதை ஓட்டி வந்த இளைஞர் மாண்டார். 1997ஐ நினைத்து நகரம் நடுங்கியது. ஆனால் இம்முறை கடைகள் எரியவில்லை, கும்பல் திரளவில்லை. காவல் துறையினர் ஜமாஅத்தாருடன் பேசினர். சில நாட்களில் ஜமாஅத் பெரியவர்கள் அக்கோயிலுக்கே சென்று அர்ச்சகர்களையும் நிர்வாகத்தினரையும் சந்தித்தனர். கோட்டைமேட்டுப் பள்ளிவாசல்களிலிருந்து அக்கோயில் நடந்து செல்லும் தூரந்தான்.