பறைக்கு எதற்குப் பணம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஆயக்குடியில் ஒரு சனி, ஞாயிறு பறைப் பயிற்சி வைக்கலாம், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவோம் என்று பழைய மாணவர் குழுவில் பேச்சு வந்தது. "பறைக்கு எதுக்கு சார் பணம்? அது தானா வர்றதுதானே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வரலாறு நடத்தியவனால் அதை அப்படியே விட முடியவில்லை.

எந்தக் கலையும் தானாக வளர்ந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். கல்வெட்டில் இருக்கிறது. இன்றைக்கும் நம் பக்கத்துப் பழனியில் நாதஸ்வரம், தவில் கற்கக் கோயில் சார்பில் பள்ளி நடக்கிறது. நல்ல காரியம்.

பறைக்கு என்ன கிடைத்தது? தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளாகப் பறையைச் சொன்னார். நம் மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, தொண்டகப் பறை என்பார்கள் உரையாசிரியர்கள். அந்தப் பெருமையெல்லாம் ஏட்டோடு நின்றது. ஊரில் அடித்தவருக்குக் களத்துமேட்டில் கொஞ்சம் நெல், சாவு வீட்டில் கொஞ்சம் காசு. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இல்லை. அதனால்தான் பல ஊர்களில் இளைஞர்கள் 'இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதில் நியாயம் இருந்தது.

அதே பறையை மரியாதையோடு திரும்ப எடுத்தவர்களும் நம் மாவட்டத்தில் உண்டு. 1990-இல் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் ஊர் ஊராகப் போய்ச் சாதி பார்க்காமல் கற்றுக்கொடுத்தார். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. பாஞ்சோ என்றால் அமெரிக்க வெள்ளைக்காரர்களின் புளூகிராஸ் வாத்தியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி முதலில் அதை வாசித்தவர்கள் அங்கே அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள். கேலி நாடகங்களில் அதை வைத்தே அவர்களை இழிவுபடுத்தியதால், அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் அதைக் கைவிட்டார்கள். 2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் என்ற ஊரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்கள் சில நாள் கூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள் தொடங்கிய 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு பின்னால் கிராமி விருதே வாங்கியது. சில நாள் கூடியதற்கு அவ்வளவு பலன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் பெஞ்சில் தாளம் போட்ட ஒரு பையனை, "உங்கப்பன் தொழிலை வீட்டுல வச்சுக்கோ" என்று திட்டினேன். அவன் தலை குனிந்ததை இன்னும் மறக்கவில்லை. அதன்பிறகு அவன் பெஞ்சைத் தட்டவே இல்லை. வரலாற்று வாத்தியாருக்கே வரலாறு தெரியாமல் போன நாள் அது.

இப்போது கணக்குக்கு வருவோம். சட்டத்துக்கு மரம் வேண்டும், தோல் வேண்டும், ஒட்டப் புளியங்கொட்டைப் பசை வேண்டும், அடிகுச்சியும் சிம்புக்குச்சியும் வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் முதலில், கற்றுக்கொடுக்கும் ஆசானுக்குச் சம்பளம். சால்வை போட்டு அனுப்பிவிடக் கூடாது. பேசிய தொகையை முதல் நாள் காலையிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும்.

சனி, ஞாயிறு ஆனால் அரசுத் தேர்வுக்கு இலவசமாகப் பாடம் நடத்தி, எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய ஊர் நம் ஆயக்குடி. கொய்யாவுக்கு மட்டும் பேர் பெற்ற ஊர் இல்லை. இதையும் செய்வோம்.

என் பங்கு, ஒரு மாத ஓய்வூதியம். கேள்வி கேட்ட தம்பி மீது யாரும் கோபப்பட வேண்டாம். அவர் கேட்டதால்தான் நான் இதை எழுதினேன். அவரும் முதல் வரிசையில் குச்சி பிடிக்க வரட்டும். நானும் வருகிறேன்.

நலமுடன் இருங்கள்.