காத்துக்கு ஆள் வேண்டாம்

எங்க ஆரல்வாய்மொழி கணவாயால் பிழைத்த ஊர். 1809-ல் வேலுத்தம்பி தளவாய் மேல் வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படை இங்குள்ள கோட்டையைப் பிடித்துத்தான் உள்ளே நுழைந்தது. 1956 நவம்பர் 1-ல் குமரி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எல்லையும் இங்கேதான். சுங்கச் சவுக்கையில பாரவண்டி வரிசையா நிக்கும், காப்பிக்கடை விடிய விடியத் திறந்திருக்கும்னு பாட்டா சொல்லுவாரு. எல்லை போச்சு, அந்தக் கூட்டமும் போச்சு.

பொறவு முப்பந்தல் பக்கம் காத்தாடி வந்தது. காத்துக்கு நல்ல விலை, ஆள்தான் அதிகம் வேண்டாம். நானும் ஒரு துண்டு நிலம் கொடுத்தேன். அந்தக் காசில் படித்த மகன் இப்போ துபாயில. (குறை சொல்லல, கொடுத்தது நான்தானே.)

போன கன்னிப்பூ நடுகைக்கு பீகார் பையன்கள் வந்தாங்க, 1981-ல் திறந்த ரயில் பாதையில, அதே கணவாய் வழியா. கஞ்சி ஊத்தி, ஊர்ப்பேரைச் சொல்லிக் கொடுத்தேன். ‘ஆரல்’ வரைக்கும் வந்திருக்கு.