கப்பல் நிற்கும் ஒரு பகல்

பயணியர் கப்பல் ஒன்று விடியலில் சென்னைத் துறைமுகத்தை அணைந்து மாலையில் நீங்குகிறது என்று கொள்வோம். அதிலிருந்து கரையிறங்குபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். குடிநுழைவுச் சோதனைக்கும் துறைமுக வாயிலைக் கடப்பதற்கும் நகர நெரிசலுக்கும் உரிய நேரத்தைக் கழிக்க வேண்டும். கப்பல் புறப்படுவதற்கு முன்னதாகவே திரும்பிவிட வேண்டும் என்ற விதிக்காகவும் சிறிது நேரம் கழியும். எஞ்சுவது ஆறேழு மணி நேரமே. அதற்குள் போய்வரக்கூடிய தொல்லிடம் எதுவோ, அதுவே அவர் காணும் தமிழகம். சென்னையில் அது பெரும்பாலும் அறுபது கிலோமீட்டர் அளவில் தெற்கேயுள்ள மாமல்லபுரமாக அமைகிறது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு சிற்றுந்து, ஒரு வழிகாட்டி: இதுவே இன்றைய சிறுகுழுச் சுற்றுலாவின் வடிவம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். நாமக்கல் மலையின் இருபுறமும் கி.பி. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைகள் உள்ளன. மாமல்லபுரச் சிற்பங்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசத்தக்க சிற்பங்கள் அவற்றில் இருக்கின்றன. ஆயினும் சென்னையிலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 370 கிலோமீட்டர். கொச்சித் துறைமுகமும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எந்தக் கப்பலின் பகலுக்குள்ளும் நாமக்கல் அடங்காது. ஒரு கல் உலகறிய வாழ்வதற்கும் உள்ளூரில் மட்டும் வாழ்வதற்கும் துறைமுகத் தொலைவு எந்த அளவுக்குக் காரணம் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாலுமிகள் இட்ட பெயர்

மாமல்லபுரம் தானே ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர். பெருஞ்செல்வமும் களிறுகளும் மணிகளும் சுமந்த கலங்கள் அங்கே அசைந்து நின்ற காட்சியைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பாடியிருக்கிறார். பின்னர் துறை மங்கியது. ஆனால் கரையோரம் செல்லும் கலங்களுக்குக் கோயிலின் விமானம் அடையாளமாக நின்றது. ஐரோப்பிய மாலுமிகள் அவ்விடத்தை 'ஏழு கோயில்கள்' என்ற பொருளில் 'செவன் பகோடாஸ்' என்றழைத்தனர். கரையில் ஏழு கோயில்கள் எண்ணிக்கை சரியாக நின்றனவா என்பது பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. கடலிலிருந்து பார்ப்பவருக்குத் திசை தெரிய ஒரு பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

அக்காலத்தில் சென்னையில் கரையிறங்குவதே ஒரு சாகசம். துறைமுகச் சுவர்கள் எழும்பாத நாட்களில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் பயணிகள் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தனர். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டிய சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் குலைத்துப் போட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் காலத்திலேயே துறைமுகம் இன்றைய உருவை நெருங்கியது. கரையிலிருந்து மாமல்லபுரம் செல்வோருக்கு உதவிய வழி, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழி. இரவில் படகேறினால் காலையில் ஊர் வந்துவிடும்.

இன்பத்துக்காகவே கப்பலில் செல்லும் வழக்கம் இதே காலத்தில்தான் உருவானது. 1841-இல் ஒரு சில்லிங் கட்டணத்தில் ரயில் உலா நடத்தித் தொழிலைத் தொடங்கிய தாமஸ் குக், 1872-இல் ஒரு சிறு குழுவை உலகம் சுற்ற அழைத்துச் சென்றார். அப்பயணத்தில் இந்தியாவும் அடங்கும். 1891-இல் ஜெர்மனியிலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பல் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டது. கப்பல் ஒவ்வொரு துறையிலும் நிற்கும், பயணிகள் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவர் என்ற முறை அதன்பின் நிலைபெற்றது.

கேட்டவரும் சொன்னவரும்

மாமல்லபுரத்தைப் பற்றி மேலை உலகம் பரவலாக அறிந்தது ஒரு பயணியின் கட்டுரையால். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772-இலும் 1776-இலும் அவ்வூருக்குச் சென்றார். ஆண்டுகள் சில கழிந்தபின் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். அக்கட்டுரை 1788-இல் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளிவந்தது. ஊர் அந்தணர்கள் தமக்குச் சொன்னவற்றை அவர் அதில் பதிவு செய்தார். மகாபலியின் வழிவந்தோர் ஆண்ட நகரம் அது; அதன் அழகு கண்டு தேவர்கள் பொறாமை கொண்டனர்; கடல் அதை விழுங்கியது. கடலுக்குள் வெகு தொலைவில் கோயில்களின் செம்புச் சிகரங்கள் காலைக் கதிரில் மின்னியதைத் தாம் பார்த்ததாக முதியோர் சிலர் நினைவுகூர்ந்தனர் என்றும் அவர் எழுதினார்.

அக்கதை கடல் கடந்தது. ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சதே 1810-இல் வெளியிட்ட 'கெகாமாவின் சாபம்' என்னும் நெடுங்கவிதையில், கடலுக்கடியில் கிடக்கும் பலியின் நகரமாக அது இடம்பெற்றது. ஒரு பயணியிடம் கரையில் சொன்ன சொல் நாற்பதாண்டுகளுக்குள் லண்டனில் காவியமாயிற்று. சொன்னவர்களின் பெயர்களோ எங்கும் இல்லை. வழிகாட்டிகளின் வரலாறு இவ்வாறு பெயரின்றியே தொடங்குகிறது.

சேம்பர்ஸ் குறித்த மற்றொரு செய்தி என் கருத்தில் இதைவிட முக்கியமானது. அங்கிருந்த பழைய எழுத்துகளைப் படிக்க ஊரில் எவருக்கும் தெரியவில்லை. கோயில்களைக் காட்டியவர்கள், கோயில் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருந்ததைப் படிக்க இயலாதவர்களாக இருந்தனர். இது அவர்களின் குற்றமாகாது. பல்லவ கிரந்தம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. படிக்க முடியாத எழுத்தின் இடத்தைப் புராணமும் பாரதமும் நிரப்பின.

அவ்வெழுத்தைப் படித்துக் காட்டிய முன்னோடி பெஞ்சமின் பாபிங்டன். பெஸ்கியின் பரமார்த்த குரு கதையை 1822-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்றால் தமிழ் வாசகர்களுக்கு அவரை உடனே அடையாளம் தெரியும். 1830-இல் வெளியான அவருடைய கட்டுரை மாமல்லபுரக் கல்வெட்டுகளின் எழுத்து முறையை விளக்கியது. 1890-இல் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி அவற்றை ஒழுங்குபடுத்தியது. தருமராசர் ரதம் என்று காட்டப்படும் ஒற்றைக்கல் தளியில் பாண்டவர் எவரும் இல்லை. அது 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கணேச ரதமும் அதே பெயர் தாங்கிய சிவன்கோயில். பிள்ளையார் பிற்காலத்தில் வந்தமர்ந்தவர். திரௌபதி ரதம் கொற்றவைக்குரியது. மகாபலிக்கு உரியதாகச் சொல்லப்பட்ட ஊரைச் சோழர் கல்வெட்டுகள் மாமல்லபுரம் என்றே குறிக்கின்றன. ஆயினும் 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எழுதப்பட்ட பெயர் மகாபலிபுரம்.

கதை சொன்னவர்களை எள்ளி நகையாட வேண்டியதில்லை. 2002-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டிஷ் ஆய்வுக் குழு ஒன்றும் மூழ்கித் தேடியபோது கடலடியில் கட்டுமான எச்சங்களைக் கண்டன. அவை என்ன, எக்காலத்தவை என்ற விவாதம் வேறு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கரை மணலை அரித்துப் புதிய பாறைகளை வெளிக்காட்டியது. அடுத்த ஆண்டு, சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பழைய முருகன் கோயிலின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. கடல் கொண்ட கோயில் என்ற நினைவு முற்றிலும் வெறுங்கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. கதையைக் கதையாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் தனித்தனியே கேட்பதுதான் முறை.

கடல் எட்டாத குன்று

இனி நாமக்கல்லுக்கு வருவோம். ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒரே பாறை, உச்சியில் கோட்டை, மேற்கில் நரசிம்மர் குடைவரை, கிழக்கில் அரங்கநாதர் குடைவரை. அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு அதனை 'அதியேந்திர விஷ்ணு கிருகம்' என்கிறது. அதியர் மரபைச் சேர்ந்த குணசீலன் என்ற அரசனோடு இப்பணி தொடர்புடையது. சங்கப் பாடல்களில் தகடூரை ஆண்ட அதியமானின் குடி, எட்டாம் நூற்றாண்டிலும் மலையைக் குடையும் வளத்தோடு இருந்தது என்பதற்கு இப்பாறையே சான்று.

நரசிம்மர் குடைவரையில் அமர்ந்த நரசிம்மரும், இரணிய வதமும், வராகரும், அனந்தன் மேல் வீற்றிருக்கும் வைகுந்தநாதரும், உலகளந்த பெருமானும் உள்ளனர். உலகளந்தவரின் தொகுதியில் மகாபலியும் உண்டு. மாமல்லபுரத்தின் வராகர் குடைவரையிலும் இதே காட்சி உள்ளது. மகிடாசுரமர்த்தினி குடைவரையின் பள்ளிகொண்ட பெருமானை நாமக்கல்லின் அரங்கநாதரோடு ஒப்பிடலாம். இரு ஊர்களையும் பார்த்தவர்க்கே தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே காற்றும் ஒளியும் புகும் மண்டபத்தில் சிற்பம் காட்சிப்பொருளாக நிற்கிறது. இங்கே விளக்கொளியில் அது வழிபடப்படுகிறது.

அதனால் நாமக்கல்லில் கல்வெட்டுப் பெயர் பிழைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அரங்கநாதரை வணங்க வருவோரில் அதியேந்திரன் பெயரைக் கேட்டவர் மிகச் சிலர். அனுமன் கொணர்ந்த சாளக்கிராமமே மலையாயிற்று என்ற தலபுராணமே இங்கு ஊரறிந்த வரலாறு. கல்லின் சொந்தப் பெயரை மறைத்தது அங்கே பயணியின் அவசரம்; இங்கே பக்தரின் பழக்கம். துறைமுகத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

போக்குவரத்தும் நமக்குத் துணை நிற்கவில்லை. சேலத்துக்கு 1861-இலேயே ரயில் வந்தது. நாமக்கல்லுக்கு சேலம்-கரூர் பாதை வழியே பயணியர் ரயில் வந்த ஆண்டு 2013. இடையில் ஒன்றரை நூற்றாண்டு. நாமக்கல் தனி மாவட்டமானதும் 1997-இல்தான்.

ஆயினும் இக்குன்றுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே மறக்கலாகாத பயணம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்து செல்வதா வேண்டாமா என்று தயங்கிய நாட்களில் நாமகிரித் தாயாரின் இக்கோயிலுக்கு வந்து மூன்று இரவுகள் தங்கினார். பின்னர் 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். கப்பலிலிருந்து ஒரு பகலுக்குள் எவரும் வந்துசேர முடியாத கோயில், ஒருவரை மூன்று இரவுகள் தங்கவைத்துக் கப்பலுக்கு அனுப்பியது.

நாமும் ஒருநாள் பயணிகள்

ஒரு பகல் போதாது என்று சொல்லிவிடுவது எளிது. 2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பிரதமர் மோடி மாமல்லபுரத்தைச் சுற்றிக் காட்டியதும் ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்த நிகழ்ச்சியே. பேருந்தில் ஐம்பது பேராகச் செல்லும்போது வழிகாட்டி உரக்கச் சொல்லும் கதையே மிஞ்சும். பத்துப் பேர் என்றால் நின்று கேட்கலாம். ஒரு தூணைச் சுற்றி வரலாம். எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லலாம். சிறுகுழுவின் உண்மையான பயன் குளிரூட்டிய வண்டியில் இல்லை. கேள்வி கேட்க முடிகிற நெருக்கத்தில் இருக்கிறது. அருச்சுனன் தவம் எனப்படும் பெரும்பாறையின் முன் நிற்கும்போது, பகீரதன் தவம் என்ற மறுகருத்தும் உண்டு என்பதைச் சொல்லும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி. எல்லாக் கலைப்பணியும் இராசசிம்மனுடையதே என்று 1962-இல் இரா. நாகசாமி எழுப்பிய விவாதத்தையும் சேர்த்துச் சொல்பவர் கிடைத்தால் அன்றைய பயணி பாக்கியவான்.

இப்போது நிலைமை திரும்பியும் இருக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைகளுக்குப் பயணிகளுடன் புறப்பட்டது. ஜூன் 16 அன்று காங்கேசன்துறையையும் அணைந்தது. நம்மவர்களே கரையிறங்கி ஒரு பகலில் ஊர் பார்க்கும் காலம் வந்துவிட்டது. திருகோணமலையில் இறங்குபவர் கோணேசுவரத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார். பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து அக்கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர் என்று கேட்பார். இராவணன் வெட்டையும் பார்ப்பார். கோட்டை வாயிலில் பழைய தமிழ் எழுத்தும் இணைக்கயலும் கல்லில் உள்ளன. வண்டி நில்லாமல் அவற்றைக் கடந்துவிடக் கூடும். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் நாமே.

எந்தத் தொல்லிடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கல்லில் இதன் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது? விடை தெரிந்தபின் கதைகளை ஆசைதீரக் கேட்கலாம். அக்கேள்வியைப் பழகிக்கொள்ளக் கப்பலேறவும் வேண்டியதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மலையின் கிழக்கே படியேறி, அரங்கநாதரை வணங்கிவிட்டு, அதியேந்திரன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உடன் குழந்தைகள் இருப்பின் அவர்களுக்கும் அதைக் காட்டுங்கள்.