பாதரசம் எழுதிய வழக்கு

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வாங்கித் தந்தது நீதிமன்றமே என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் மலையேறிய ஆலை அது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் 2001 மார்ச்சில் வெளிக்கொணர்ந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. எந்தத் தீர்ப்பும் அதற்குமுன் வந்திருக்கவில்லை. மூட வைத்தது வெளிச்சம்தான்.

பாதரசத்தால் உடல்நலம் கெட்டதென்று முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். உடல்நலக் கேடு எதுவும் ஆய்வுகளில் தெரியவில்லை என்று நிறுவனம் தொடர்ந்து மறுத்தது. 2015 ஜூலையில் இந்தப் பாதரச மாசைப் பற்றிய சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான இழப்பீட்டு உடன்பாடு கையெழுத்தானது. காலம் ஒத்துப்போனதாலேயே பாட்டுதான் காரணம் என்று சொல்லலாமா? சொல்ல முடியாதுதான். வழக்கு நிலுவையில் இல்லாதிருந்தால் அந்தப் பாட்டுக்குப் பதில்சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருந்திராது. ஆனால் பத்தாண்டு ஊர்ந்த வழக்கு பாட்டு வந்த எட்டே மாதத்தில் முடிந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கவும் என்னால் இயலாது. சட்டம் வாசலைத் திறந்து வைத்தது, பொதுமக்களின் குரல் உள்ளே அழைத்துச் சென்றது. உடன்பாடு மனிதருக்கு மட்டுமே. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. பாதரசம் பட்ட அந்த மண்ணுக்காகவும் நாம் பேச வேண்டும்.