வயிற்றுப்புண்: பழி யார்மீது?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் இரவு வேலை முடித்து வரும் இளைஞர் பலர், வெறும் வயிற்றில் வலி என்றும் நெஞ்செரிச்சல் என்றும் நம்மிடம் முறையிடுவதுண்டு. "காரம் தின்றாய், வேளைக்கு உண்ணவில்லை" என்று வீட்டார் அவர்களையே கடிந்துகொள்வர். இக்கடிதல் நியாயந்தானா? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

இந்நோயை அரபியில் 'கர்ஹத்துல் மிஃதா' என்பர். இரைப்பைப் புண் என்பது பொருள். அறிஞர் இப்னு ஸீனா (கி.பி. 980-1037) தம் 'அல்கானூன்' பெருநூலில் இதனை ஆராய்ந்துள்ளார். இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளதென 1824இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரௌட் நிறுவினார். பின்னர் மருத்துவ உலகம் அமிலத்தையும், கவலையையும், உணவையுமே குற்றஞ்சாட்டியது. இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுக்கும் சிகிச்சையும் பெருகியது. 1960களில் இந்திய ரயில்வே ஊழியரை ஆராய்ந்த டாக்டர் மல்ஹோத்ரா, தென்னாட்டில் இந்நோய் மிகுதியெனக் கண்டு, அரிசியுணவை ஐயுற்றார்.

உண்மை வேறிடத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982இல் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்னும் கிருமியை வளர்த்தெடுத்தனர். நம்புவாரில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தினார்; அவரது இரைப்பை அழற்சியுற்றது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, முதற்குற்றவாளி இக்கிருமி. இரண்டாவது, ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவதில்லை. புகையோ புண் ஆறுவதைத் தடுக்கும்.

எனவே, முதுகுவலிக்கு ஒரு மாத்திரை, எரிச்சலுக்கு ஒரு மருந்தென்று கடையில் வாங்கி விழுங்கும் வழக்கத்தை விடுவோமாக. மூச்சு, மலம், உள்நோக்குக் குழாய் ஆகிய சோதனைகளால் மருத்துவர் நோயைத் துணிவார். கிருமி இருப்பின், கிருமிக்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் தருவார். வலி நின்றதென்று இடையில் நிறுத்தலாகாது. கரிய மலமோ இரத்த வாந்தியோ கண்டால் அக்கணமே மருத்துவமனைக்கு விரைக.

ரமழானில் நோன்பு நோற்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிக. நோயாளி பின்னர்க் களாச் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கிறது. உழைத்துக் களைத்து வரும் பிள்ளையைக் கடிவதை விடுத்து, சோதனைக்கு அழைத்துச் செல்வதே நம் கடமை.